ஐந்து நாளில் ஒரு நாள் ஏழை மூச்சு விடக் கூடாதா?

2019-ம் ஆண்டு கார்த்திகை மாதம். சம்பா வயலுக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு வந்த ஒரு விவசாயத் தொழிலாளியை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவர் பகல் முழுவதும் ஸ்பிரேயரை முதுகில் சுமந்தவர். முகமூடி கிடையாது, கையுறை கிடையாது. வாயிலும் மூக்கிலும் நுரை தள்ளியது. கண்மணி ஊசி முனையாய்ச் சுருங்கிக் கிடந்தது. நெஞ்சுக்குள் கொர் கொர் என்று சத்தம்.

சேதி கேட்டு நாம் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நர்சம்மா சளி உறிஞ்சும் யந்திரத்தின் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் ஓடியது, ஆனால் கேஜ் முள் எழும்பவில்லை. குழாய் ஒரு சொட்டுக்கூட இழுக்கவில்லை.

அந்த அம்மாள் நின்று புலம்பிக்கொண்டிருக்கவில்லை. ஸ்டோர் அறைக்கு ஓடினார். மூலையில் தூசி படிந்து கிடந்த, காலால் மிதிக்கும் பழைய பம்பை இழுத்து வந்தார். வார்டு ஊழியர் மிதித்தார்; நர்சம்மா உறிஞ்சினார். அந்த மனிதர் பிழைத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நாம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. வெளியே நின்ற நம் இளைஞர்கள் சிலர், "மிஷினைக் கெடுத்து வச்சிருக்காங்க, அந்த நர்சை விடக் கூடாது தோழர்!" என்று கதவைத் தள்ளினார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மறுவாரம் நிர்வாகமும் அதே காரியத்தைச் செய்தது. கையால் அல்ல, காகிதத்தால். யந்திரத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்று அந்த நர்சுக்கு மெமோ!

யந்திரத்தில் என்ன கோளாறு? ஜாடி மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தது. அவ்வளவுதான். புது வாஷர் வேண்டுமென்று அவர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தது ரிஜிஸ்தரிலேயே இருந்தது.

ஆக, உயிரைக் காத்தவர் குற்றவாளி. வாஷர் வாங்கித் தராதவர் நீதிபதி! இந்த நியாயத்தைத்தான் நாம் இன்று கேள்வி கேட்க வேண்டும்.

இந்த யந்திரம் நமக்கு எதற்கு?

"இதெல்லாம் டாக்டர்கள் சமாசாரம், கூலிக்காரனுக்கு என்ன வேலை?" என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். இந்த யந்திரத்தைத் தேடி அதிகமாகப் போகிறவர்கள் நாம்தான்.

வயலில் அடிக்கும் பூச்சி மருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் என்று ஒரு ரகம். அது மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். இறங்கினால் நரம்பின் கட்டளையை நிறுத்தி வைக்கும் சக்தி கெட்டுப்போகிறது. எச்சிலும் சளியும் ஊற்றாய்ப் பெருகுகின்றன. தசை தளர்கிறது, இருமித் துப்பத் திராணியில்லை. தரையில் கிடக்கிற மனிதன் தன் நெஞ்சுக்குள்ளேயே மூழ்குகிறான். அட்ரோபின் ஊசி அந்த ஊற்றை வற்ற வைக்கும். ஆனால் அது வற்றும்வரை தொண்டையை அடைத்திருப்பதை யார் எடுப்பது? இந்த யந்திரம்தான்.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலிகளும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். இருபது பேர் வரை மாண்டார்கள். நம் வயலில் அப்படி நடக்காது என்று யார் எழுதிக் கொடுப்பார்?

மருந்து மட்டுமா? ஆலை வாசலில் லாரி மோதித் தலையில் அடிபட்டு நினைவிழந்தவர், பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் கிடக்கும் முதியவர், பிறக்கும்போதே மூச்சு அடைத்துக்கொண்ட சிசு—இவர்கள் எல்லோருக்கும் மூச்சுக்கும் சாவுக்கும் நடுவே நிற்பது இந்தச் சின்ன மோட்டாரும் ஒரு கண்ணாடி ஜாடியும்தான்.

பம்பு செட்டு சொல்லும் பாடம்

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. பம்பு செட்டு ஓட்டும் தோழருக்கு இது தெரிந்த வித்தை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் ஒரு பொத்தல் விழுந்தால் மோட்டார் ஓடும், காற்றை இழுக்கும், தண்ணீர் ஏறாது. பஞ்சாலையில் ரிங் பிரேம் பார்க்கும் தோழருக்கும் இது தெரியும். அறுந்த இழையை உறிஞ்சும் நியூமாஃபில்லில் வலை அடைத்துக்கொண்டால் உறிஞ்சல் செத்துப்போகும். பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரி யந்திரமும் அதே ஜாதிதான். மோட்டார் காற்றை இழுக்கிறது. ஜாடிக்குள் காற்று குறைகிறது. நோயாளியின் சளி குழாய் வழியே ஜாடியில் வந்து விழுகிறது. ஜாடி நிறைந்தால் வழியை அடைக்க ஒரு மிதவை உண்டு. ஜாடிக்கும் மோட்டாருக்கும் நடுவே கிருமியையும் ஈரத்தையும் தடுக்க ஒரு பில்டர் உண்டு.

சோதிக்க ஒரு நிமிஷம் போதும். சுவிட்சைப் போட்டுக் குழாயின் முனையைக் கட்டைவிரலால் மூடு. முள் ஏற வேண்டும். விரலை எடுத்தால் இறங்க வேண்டும். ஏறாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது: மூடி சரியாக உட்காரவில்லை, வாஷர் வெடித்திருக்கிறது, குழாயோ ஜாடியோ கீறியிருக்கிறது. விரலை எடுத்தும் முள் இறங்காமல் நின்றால் எங்கோ அடைப்பு: குழாயில் சளி உறைந்திருக்கிறது, அல்லது பில்டர் நனைந்துவிட்டது. நனைந்த பில்டரைக் கழுவிக் காயவைத்துப் போடுவது மோசடி, மாற்றத்தான் வேண்டும். ஜாடியில் முக்கால் பங்கு நிறைவதற்குள் கொட்டியாக வேண்டும். நிரம்பி வழிந்து மோட்டாருக்குள் போனால் யந்திரமும் பாழ். அது வெளியே விடும் காற்றோடு கிருமியும் வார்டெல்லாம் பரவும்.

ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு தடவை இதைப் பார்க்க எவ்வளவு செலவாகும்? ஒரு நிமிஷ வேலையும் பக்கத்தில் ஒரு பெட்டியில் மாற்று வாஷரும் பில்டரும் குழாயும்! அந்தப் பெட்டி இல்லாததால்தான் அன்று ஓர் உயிர் ஊசலாடியது.

பலம் அல்ல, பக்குவம்

யந்திரம் ஓடினால் மட்டும் போதாது. கை பழகியிருக்க வேண்டும். அதிகமாக இழுத்தால் நல்லது என்று நினைப்பது அறியாமை. பெரியவர்களுக்குப் பாதரசக் கணக்கில் சாதாரணமாக 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை போதும். பச்சைக் குழந்தைக்கு 100-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் மெல்லிய சதை கிழிந்து ரத்தம் கசியும். பிறந்த குழந்தைக்கெல்லாம் உறிஞ்ச வேண்டும் என்பதும் இல்லை. வழி அடைத்த குழந்தைக்குத்தான் வேண்டும்.

குழாயை உள்ளே செலுத்தும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே இழுக்கும்போதுதான் உறிஞ்ச வேண்டும். ஒரு தடவைக்கு 10, மிஞ்சினால் 15 விநாடி. ஏன்? சளியோடு நோயாளியின் பிராணவாயுவையும் அல்லவா அது இழுக்கிறது! உங்கள் மூச்சை நீங்களே அடக்கிப் பாருங்கள், தெரியும். அதனால்தான் முன்னும் பின்னும் பிராணவாயு கொடுக்கிறார்கள். ஒரு நோயாளிக்குப் போட்ட கதீட்டரை இன்னொருவருக்குப் போடுவது கிருமியைத் தானம் செய்வதாகும்.

இத்தனையையும் ஒரு நர்ஸ் செய்ய வேண்டும். நாற்பது கட்டிலுக்கு ராத்திரியில் ஒரே நர்சை நிறுத்திவிட்டு, பக்குவத்தை எதிர்பார்க்கிற நிர்வாகம் யாரை ஏமாற்றுகிறது?

ஜாடியைக் கழுவும் கை யாருடையது?

யந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜாடியைப் பற்றிப் பேசமாட்டார்கள். அந்த ஜாடியில் இருப்பது என்ன? சளி, ரத்தம், சில சமயம் காசநோய்க் கிருமி, மஞ்சள் காமாலைக் கிருமி. அதைக் கொட்டிக் கழுவுகிறவர் துப்புரவுத் தொழிலாளி. பெரும்பாலும் காண்டிராக்ட் ஆள், பெரும்பாலும் பெண்.

அவருக்குக் கனமான கையுறை வேண்டும், கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி வேண்டும், முகமூடி வேண்டும். ஜாடியைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லித் தர ஆள் வேண்டும். ஈரக் கையும் வெடித்த ஒயரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஆலைத் தோழர்களுக்குத் தெரியாததல்ல. கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட் கரைசல் குறைவில்லாமல் வேண்டும். இது நம் ஆசை மட்டுமல்ல. ஆஸ்பத்திரிக் கழிவைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்புச் சாதனமும், ஹெப்படைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்று 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கையுறை எங்கே?

கனவான்களின் கணக்கு

இப்போது பெரிய இடத்துக்கு வருவோம். தேசிய சுகாதார இயக்கம் நாடு முழுவதும் சர்க்கார் ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கணக்கெடுத்தது. மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தன. நம் வரிப்பணம் மூலையில் தூசி படிந்து கிடந்தது என்று அர்த்தம்.

இதற்குப் பரிகாரமாக 2015-ல் ஒரு திட்டம் வந்தது. பழுது பார்க்கும் வேலையைத் தனியார் கம்பெனிகளிடம் விடலாம் என்றார்கள். கருவிகள் எவ்வளவு காலம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்றும் வரையறை செய்தார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் 95 சதவீதம். சமுதாய சுகாதார நிலையத்தில் 90 சதவீதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீதம்!

தோழர்களே, இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். மாவட்டத் தலைநகரில் யந்திரம் வருஷத்துக்கு 18 நாள் படுக்கலாம். கிராமத்தில் 73 நாள் படுக்கலாம். ஐந்து நாளில் ஒரு நாள்! கம்பெனி 73 நாளும் நிறுத்தி வைக்கும் என்று நாம் சொல்லவில்லை. நிறுத்தி வைத்தாலும் கேட்க முடியாது என்கிறோம்.

"கிராமம் தூரம், மெக்கானிக் போய்ச் சேர நாளாகும்" என்று சமாதானம் சொல்வார்கள். தூரம் என்பது உண்மைதான். அதனால்தான் விஷம் ஏறியவரை முதலில் அங்கே தூக்கிப் போகிறோம்! தூரமாக இருக்கிற இடத்தில் மாற்றுச் சாமான் அதிகமாக இருக்க வேண்டுமா, கெடு அதிகமாக இருக்க வேண்டுமா? ஐந்து நாளில் ஒரு நாள் ரிங் பிரேம் நின்றால் எந்த முதலாளியாவது பொறுப்பானா? நூல் அறுந்தால் ஓடிவர பிட்டர் உண்டு, மேஸ்திரி உண்டு, ஸ்டோரில் உதிரி பாகம் உண்டு. உழைப்பாளியின் மூச்சு அறுந்தால் மட்டும் கெடுவா?

இன்னொரு ரகக் கனவான்களும் உண்டு. "சர்க்கார் ஆஸ்பத்திரி என்றாலே அப்படித்தான், தனியாரிடம் போ" என்பார்கள். நம் தினக்கூலி அவர்களுடைய ஒரு ராத்திரிக் கட்டில் வாடகைக்குப் போதாது என்பது அவர்களுக்குத் தெரியாதா? வாஷர் வாங்காமல் யந்திரத்தைச் சாக விடுவது. செத்த யந்திரத்தைக் காட்டிச் சர்க்கார் ஆஸ்பத்திரியையே இகழ்வது. பிறகு நம்மைக் கடன்காரனாக்கித் தனியார் வாசலுக்கு விரட்டுவது. இதுதான் அந்தப் பேச்சின் உள்ளர்த்தம்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, நர்சம்மாமீதோ ஊழியர்மீதோ கை ஓங்கக் கூடாது. அவரும் உழைப்பாளி, நம் கோபத்துக்கு அவரைப் பலியாக்கினால் உண்மைக் குற்றவாளி மெமோ எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்வான்.

இரண்டாவதாக, சங்கக் கிளைகள் தங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும். அதிகாரத் தோரணையில் அல்ல, மரியாதையாகக் கேட்கட்டும்: யந்திரத்தைத் தினம் சோதித்து எழுதும் ரிஜிஸ்தர் உண்டா? மாற்று வாஷரும் பில்டரும் இருக்கின்றனவா? மின்சாரம் போனால் பாட்டரியில் ஓடுமா, அந்தப் பாட்டரி சார்ஜில் இருக்கிறதா? கால் பம்பு வார்டில் இருக்கிறதா, பூட்டிய அறையில் கிடக்கிறதா? இவற்றை அங்கே வேலை செய்யும் ஊழியர்களே விருப்பத்தோடு சொல்வார்கள்.

மூன்றாவதாக, கிடைத்த பதிலை வைத்து மகஜர் தயாரியுங்கள். நம் கோரிக்கைகள் இவை: கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஒரே அளவுகோல், ஒவ்வொரு தாலுகாவிலும் நிரந்தரச் சம்பளத்தில் பழுது பார்க்கும் டெக்னீஷியன், ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஒரு கால் பம்பு, ராத்திரி ஷிப்டுக்குப் போதுமான நர்சுகள், துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறையும் தடுப்பூசியும், எழுதிக் கேட்டும் உதிரி பாகம் வராவிட்டால், கேட்டவருக்கு அல்ல, தராதவருக்கு மெமோ.

அன்று பிழைத்த அந்தத் தொழிலாளி அடுத்த சம்பாவுக்கு மறுபடி வயலில் இறங்கினார். வேறு வழி? அந்த நர்சம்மா மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி ராத்திரி டியூட்டிக்குப் போனார். இருவரும் ஒருவரை ஒருவர் விரோதியாய்ப் பார்த்தால் ஒரு வாஷர்கூட வராது. இருவரும் சேர்ந்து கேட்டால் வரும். அந்த ஆஸ்பத்திரியில் வந்தது. கிளைத் தோழர்களும் ஊழியர்களும் சேர்ந்து மகஜர் கொடுத்த பத்தாம் நாள் வாஷரும் வந்தது, கால் பம்பும் வார்டுக்குள் வந்தது.

அங்கே வந்தது மற்ற ஊர்களிலும் வர வேண்டும். கேட்போம்!