கபடி: விதி எவருடையது?

கபடிக்கு இலக்கியப் பக்கத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். விதி என்பதும் சொற்களால் ஆனதுதான். ஒரே செயலுக்கு இரு பொருள் கற்பிக்கப்பட்டால் என்ன நேரும் என்பது நம் கவலையும்தான்.

2023 அக்டோபர் 7 அன்று, ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஆடவர் இறுதிப் போட்டி. இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் நின்ற கடைசித் தருணம். பாடிச் சென்ற பவன் ஷெராவத் எவரையும் தொடாமலே பக்கவாட்டு லாபிக்குள் கால் வைத்துவிட்டார். பிடிக்க வந்த ஈரான் வீரர்களும் தொடர்ந்து லாபிக்குள் இறங்கினர். பழைய விதிப்படி அவர்களும் ஆட்டமிழந்தவர்களே. புரோ கபடி லீக் கொண்டுவந்த புதிய விதிப்படியோ பாடிச் சென்றவர் மட்டுமே வெளியேற வேண்டும். தீர்ப்பு மாறி மாறி வந்தது; ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. இறுதியில் பழைய விதி நிலைத்தது. இந்தியா 33-29 என்று வென்றது.

அன்று எல்லோரும் நடுவர்களை ஏசினார்கள். ஏச வேண்டியது, இரண்டு விதிகளை ஒரே சமயத்தில் உலவவிட்டவர்களை அல்லவா?

விதி மாறவே கூடாது என்பதன்று என் வாதம். பழையன கழிவதை நன்னூலே ஒப்புக்கொள்கிறது. ரக்பியைப் பாருங்கள். அணிக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் முட்டும் ஸ்க்ரமில், மோதும் வேகத்தைக் குறைத்துக் கழுத்தைக் காக்கும் பொருட்டு, 2013இல் நடுவரின் கட்டளை வரிசையையே மாற்றினார்கள். ‘குனி, பற்று, சேர்’ என்ற பொருளில் அமைந்த அக்கட்டளையை நடுவர் ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்கிறார். மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. அது ஆடுபவன் காதிலும் விழுந்தது.

இங்கே நடப்பது என்ன? 2014இல் லீக் தொடங்கியது. 30 நொடிக் கடிகாரம், இரு வெற்றுப் பாடல்களுக்குப் பின் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டிய கட்டாயம் என்று ஆட்டம் தொலைக்காட்சிக்கேற்ப விரைவுபடுத்தப்பட்டது. ஒரே மூச்சில் பாட வேண்டும் என்ற விதி ஏட்டில் இருக்கிறது. அரங்கின் இரைச்சலில் அந்த மூச்சை எந்த நடுவர் கேட்கிறார்? மூச்சே அளவாக இருந்த ஆட்டத்தில் கடிகாரம் அளவாகிவிட்டது.

முட்டுக்காட்டு மணலில் கோடு கிழித்து ஆடும் பையனிடம் கடிகாரமும் இல்லை, காணொளி மறுஆய்வும் இல்லை; அவனுக்கு இருப்பது மூச்சும், பக்கத்தில் நிற்கும் பெரியவரின் சொல்லும்தான். விதியை மாற்றுகிறவர்கள் காரணத்தைச் சொல்லி, ஒரே விதியாக, தமிழில் அச்சிட்டு அந்தப் பெரியவர் கையில் முதலில் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு ஒளிபரப்பலாம்.