சீமாட்டியும் குடவோலையும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட சாஸனங்களைப் பற்றிப் பேசாத பிரசங்கி நம் நாட்டில் இல்லை. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்த முறையை மேடைதோறும் புகழ்கிறோம். ஆனால் அச்சாஸனத்திலுள்ள கடுமையான விதியொன்றைப் புகழுவோர் மெல்ல நழுவ விட்டுவிடுகின்றனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயர் மீண்டும் குடத்தில் விழலாகாது. அவன் பெயர் மாத்திரமன்று. சாஸனம் எண்ணிக் கூறும் அவனது நெருங்கிய உறவினர் பெயர்களும் விழலாகா. அதாவது உத்திரமேரூர்ச் சபையிலே பதவியின் கௌரவம் உறவினருக்குச் செல்லவில்லை. பதவியின் கடனே சென்றது.

அச்சபை குறையற்றதென்று நாம் கூறவில்லை. காணியும் வேதப் பயிற்சியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. ஏரியின் கீழ் உழுதவனுக்கும் இடமில்லை. எந்தப் பெண்ணுக்கும் இடமில்லை. எனினும் கணக்கைப் பற்றிய அதன் விதி பொன்னினும் மேலானது. அவ்விதியைத் துலாக்கோலாகக் கொண்டு, நமது தேசத்தின் தலைவிதியோடு பிணைந்த ஓர் ஆங்கிலச் சீமாட்டியின் வாழ்க்கையை நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம். அவர் கடைசி வைஸ்ராயின் மனைவியாகிய எட்வினா மவுண்ட்பேட்டன்.

இவரைப் பற்றி நம்மவருள் பலர் அறிந்ததெல்லாம் பண்டித ஜவாஹர்லால் நேருவுடன் இவர் கொண்டிருந்த சிநேகம் ஒன்றே. திண்ணையில் தொடங்கி, புத்தகங்கள் வரையில் அவ்வம்பு ஓய்ந்தபாடில்லை. இருவர் நெஞ்சத்து நட்பு தேசத்தின் கணக்கேட்டில் ஏறும் இனமன்று. அந்த வம்பு வேறொரு தீங்கையும் செய்கிறது: கேட்க வேண்டிய கேள்விகளை அது கேட்கவிடுவதில்லை.

எட்வினா 1901 நவம்பர் 28-ஆம் தேதி பிறந்தார். ஏழாவது எட்வர்டு மன்னரே அவருக்கு ஞானத்தந்தை. அம்மன்னர் பெயரை ஒட்டியே எட்வினா என்று பெயரிட்டனர். தாயைப் பெற்ற பாட்டனார் ஸர் எர்னஸ்ட் காஸல், சர்க்கார்களுக்கே கடன் ஏற்பாடு செய்து கொடுத்த பெருந்தனக்காரர். நைல் நதியின் அஸ்வான் அணைக்கட்டுக்கும் பணம் திரட்டித் தந்தவர். அவர் 1921-இல் மறைந்தபோது அச்செல்வத்தின் பெரும்பங்கு பேத்திக்கு வந்தது. இருபது வயது நிரம்புமுன் இங்கிலாந்தின் பெருஞ்செல்வப் பெண்களில் ஒருவராக அவர் ஆனதற்கு, பிறந்ததைத் தவிர வேறு பிரயாசை எதுவும் அவர் செய்யவில்லை.

அடுத்த ஆண்டின் சம்பவங்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வேல்ஸ் இளவரசர் அப்போது இந்தியாவில் யாத்திரை செய்துகொண்டிருந்தார். தேசம் அந்த யாத்திரையைப் பகிஷ்கரித்தது. 1922 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது கடைகள் மூடிக் கிடந்தன, கலகமும் மூண்டது. பிப்ரவரியில் சௌரி சௌரா துயரத்தை அடுத்துக் காந்தியடிகள் பர்தோலியில் ஒத்துழையாமைப் போரை நிறுத்தினார். அதே பிப்ரவரியில், டில்லியில் வைஸ்ராய் மாளிகையிலே, இளவரசரின் பரிவாரத்தில் வந்திருந்த லூயி மவுண்ட்பேட்டன் எட்வினாவை மணம் பேசினார். மார்ச்சில் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஜூலை 18-ஆம் தேதி லண்டனில் அரச குடும்பத்தார் முன்னிலையில் கலியாணம் நடந்தது. இளவரசரே மாப்பிள்ளைத் தோழர். ஒரே தேசத்தில், ஒரே பருவத்தில், ஒரு பக்கம் சிறைக்கதவு. மறு பக்கம் நடன மண்டபம்!

அதன்பின் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் விருந்து, நடனம், உல்லாச யாத்திரை, பத்திரிகைப் படங்கள் என்றே கழிந்தன. செல்வம் தானாக வந்தவர்களுக்குக் காலமும் தானாகக் கழிந்துவிடுகிறது.

யுத்தம் அவரை மாற்றிற்று. இதை மறைப்பது நியாயமன்று. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து, 1942-இல் அதன் தலைமைக் கண்காணிப்பாளரானார். 1945-இல் ஜப்பான் சரணடைந்த பின் தென்கிழக்காசியாவின் கைதி முகாம்களுக்கு நேரில் சென்று, நோயும் பட்டினியுமாகக் கிடந்தவர்களைக் கண்டு உதவி அனுப்பினார். இங்கே தமிழர் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். சயாம்-பர்மா ரயில் பாதையில் மாண்டவர்களில் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளிகளே அதிகம். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுள் ஏராளம். காஞ்சனபுரி மயானத்தில் போர்க்கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு ஒழுங்கான கல்லறைகள் உள்ளன. நம் தொழிலாளிகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. இது அந்த அம்மையாரின் குற்றமென்று நாம் சொல்லவில்லை. சாம்ராஜ்யத்தின் கணக்கேட்டில் யாருக்கு வரி உண்டு, யாருக்கு இல்லை என்பதை இது காட்டுகிறது.

1947 மார்ச் 22-ஆம் தேதி அவர் டில்லி வந்து, 340 அறைகள் கொண்ட மாளிகையில் குடியேறினார். மாளிகையிலேயே அடைந்து கிடக்கவில்லை. கலகத்தால் எரிந்த பஞ்சாபின் ஊர்களுக்குச் சென்றார். பிரிவினைக்குப் பின் அகதி முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அலைந்தார். நிவாரண சங்கங்களை ஒருங்கிணைத்த குழுவுக்குத் தலைமை வகித்து, சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத கௌருடன் சேர்ந்து உழைத்தார். 1948 ஜூன் 21-ஆம் தேதி ராஜாஜி கவர்னர் ஜெனரல் பதவியேற்க, அவர் தம் கணவருடன் நாடு திரும்பினார். 1960 பிப்ரவரியில், ஆம்புலன்ஸ் படைப் பணியாகச் சென்ற வட போர்னியோவில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்; வயது 58. போர்ட்ஸ்மவுத்துக்கு அப்பால் அவரது உடலைக் கடலில் சேர்த்தபோது, நேரு அனுப்பிய மலர் வளையத்துடன் இந்தியப் போர்க்கப்பல் திரிசூல் உடனிருந்தது. சேவையிலேயே அவர் வாழ்வு முடிந்தது. அதற்கு நாம் தலை வணங்குகிறோம்.

ஆனால் மனைவி கட்டுக் கட்டினார் என்பதால், காயம் எப்படி வந்தது என்று கேளாதிருக்கலாமா? அதிகாரத்தை 1948 ஜூனுக்குள் மாற்றுவதாக இருந்தது. அதை 1947 ஆகஸ்டு 15-க்கு இழுத்தவர் கணவர். எல்லை வகுக்க வந்த ராட்கிளிப் ஜூலை 8-ஆம் தேதிதான் இந்தியாவில் கால் வைத்தார். ஐந்து வாரங்களில் கோடு கிழிக்கப்பட்டது; விடுதலை நாளுக்கு இரண்டு நாள் கழித்தே அக்கோடு ஜனங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். பல லக்ஷம் பேர் மடிந்தனர். இந்தக் கணக்கு முகாமில் வழங்கிய கம்பளியால் தீராது. அம்மையாரின் கருணை அம்மையாருடையது. பிரபுவின் பொறுப்பு பிரபுவினுடையது. ஒன்றை மற்றொன்றுக்கு வரவு வைப்பது கணக்கன்று.

கணக்கைக் கேட்டவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். மவுண்ட்பேட்டன் குடும்பக் காகிதங்களை 2011-இல் சௌதாம்ப்டன் சர்வகலாசாலை பொதுப்பணத்தின் உதவியோடு வாங்கிற்று. அப்படியிருந்தும் தம்பதிகளின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் பூட்டியே வைக்கப்பட்டிருந்தன. சரித்திர ஆசிரியர் ஆண்ட்ரு லௌனி பல ஆண்டுகள், தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு வழக்காடிய பின்னரே பெரும்பகுதி வெளிவந்தது. ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன் உத்திரமேரூர் தன் விதிகளைக் கோயிற் சுவரில், யாவரும் காண வெட்டி வைத்தது என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நமது அரசியல் சட்டத்தின் 18-ஆவது விதி பட்டங்களை ஒழித்தது. பட்டம் போயிற்று, பரிவாரம் போயிற்றா? அன்று கணவனின் பதவியால் மனைவி நாட்டரசியானாள். உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2016-இல் நிறைவேறிய பின்னரும், பல கிராமங்களில் மனைவியின் பதவியால் கணவன் நாற்காலியில் அமர்கிறான். கையெழுத்து அவளுடையது, கட்டளை அவனுடையது. கணக்குக் கேட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் காட்டுகின்றனர். மகனுக்கும் மருமகனுக்கும் பதவியைச் சீதனம்போல் கொடுப்போரும், குடவோலையின் பெருமையைக் கூச்சமின்றிப் பேசுகின்றனர்.

காஞ்சி ஜில்லாவின் கிராமங்களிலும், தமிழ்நாடெங்கிலும், கிராம சபை கூடும் நாளில் வரவு செலவு படிக்கப்படுகிறது. ஊரார் வராவிட்டால் அது வெற்றுச் சடங்கு. ஊரார் வந்து கேட்டால் அதுவே சுயராஜ்யம். சீமாட்டியின் காதலைப் பற்றி வம்பளக்கும் பொழுதில் பாதியை, ஏரி மராமத்துக்குச் செலவான பணம் எவ்வளவு என்று கேட்பதில் நம் வாசகர்கள் செலவிடட்டும். கேட்பவர் பெண்ணாயினும், உழுபவராயினும், பதில் தலைவரின் வாயிலிருந்தே வரவேண்டும். அவரது உறவினர் வாயிலிருந்தன்று.