பிள்ளைங்க தோற்கவும் பழகட்டும்

கொஞ்சம் நீளமான த்ரெட். பள்ளிக்கூடம் போற பிள்ளை வீட்டில் இருந்தால் முழுசாப் படிச்சிட்டுப் போங்க.

1.
போன வருஷம் ஒரு சாயங்காலம். சேந்தமங்கலத்தில் கிளினிக் மூடுற நேரம். பதினோராம் வகுப்புப் பையன் ஒருத்தன், கூடவே அவன் அம்மா.

"பையனுக்கு மல்யுத்தப் போட்டிக்கு ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் வேணுங்க சார். நாளைக்குக் காலைல கிளம்பறானுங்க."

பையனைப் பார்த்தேன். உதடு வெடிச்சிருக்கு. நாக்கு காய்ஞ்சு கிடக்கு. நாடி பிடிச்சா, உட்கார்ந்த இடத்திலேயே ஓடி வந்தவன் மாதிரி அடிக்குது.

"தம்பி, கடைசியா எப்ப தண்ணி குடிச்ச?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "நேத்து காலைலங்க சார்."

2.
விஷயம் இதுதான். அவன் எடை 58 கிலோ. 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் பிரிவில் 51, 55, 60, 65 என்று எடை வகுப்புகள் இருக்கு. 58 கிலோ பையன் 60-ல் ஆடணும். 55-ல் ஆடினா எதிராளி தன்னைவிடச் சின்னவனா இருப்பான், ஜெயிக்கலாம்னு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதுக்காக ரெண்டு நாளா சாப்பாடு குறைச்சு, தண்ணியை நிறுத்தி, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடியிருக்கான்.

நான் கையெழுத்துப் போடல. பையன் கண்ணு கலங்கிடுச்சு. "மூணு மாசமாப் பழகுனேன் சார்"னான். அன்னைக்கு அவனுக்கு நான்தான் வில்லன்.

3.
ஆனா உண்மையைச் சொல்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மல்யுத்தம் பழகணும்னு நினைக்கிறவன் நான். அன்னைக்கு அவனை அனுப்பாததுக்கும் அதுதான் காரணம். ஏன்னு சொல்றேன்.

நம்ம மாவட்டத்தைப் பற்றி வெளியூரில் கேட்டால் மூணு சொல்வாங்க. முட்டை, லாரி, பள்ளிக்கூடம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் வந்தா விடியக்காலையில் ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். பி.டி. பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்குவார். நாமளும் அதுக்குச் சந்தோஷமா ஃபீஸ் கட்டுவோம்.

நானும் அப்படி ஒரு ஹாஸ்டல் பள்ளியில் படிச்சவன்தான். மார்க் வாங்கக் கத்துக்கிட்டேன். தோற்கக் கத்துக்கல. மருத்துவக் கல்லூரி முதல் வருஷம் அனாட்டமி டெஸ்ட்டில் ஃபெயில் ஆனப்ப நாலு நாள் ரூமை விட்டு வெளியே வரல. சாப்பிடக்கூடப் போகல. ஒரே ஒரு டெஸ்ட். 18 வயசு வரைக்கும் நான் எதிலுமே தோற்றதில்லை, அதனால தோற்றா என்ன செய்யணும்னே தெரியல.

4.
மல்யுத்தம் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்குது.

யோசிச்சுப் பாருங்க. கிரிக்கெட்டில் தோற்றால் பவுலர் சரியில்லைன்னு சொல்லலாம். கபடியில் கூட ஆறு பேர் இருக்காங்க. மல்யுத்தத்தில் நீ ஒருத்தன், எதிரில் உன் எடையிலேயே இன்னொருத்தன். 17 வயதுக்குட்பட்டோருக்கு 2 நிமிடம் வீதம் ரெண்டு சுற்று. உன் ரெண்டு தோளும் விரிப்பில் அமுங்கினா ஆட்டம் அத்தோட முடிஞ்சது.

அப்புறம்தான் முக்கியமானது. நடுவர் ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக்கிட்டு நிற்பார். ஜெயிச்சவன் கையைத் தூக்குவார். தோற்றவன் அதே இடத்தில், எல்லாரும் பார்க்க நிற்கணும். எதிராளிக்குக் கை கொடுக்கணும். அதுக்கப்புறம்தான் இறங்கிப் போகலாம். திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பப் பயிற்சிக்கு வரணும்.

16 வயசுப் பையனுக்கு, பொண்ணுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கு?

5.
மே மாசம் ரிசல்ட் வர்ற வாரம் எங்களை மாதிரி டாக்டர்களுக்கு வயித்தில் புளியைக் கரைக்கும். எந்த வீட்டில் இருந்து என்ன ஃபோன் வருமோன்னு இருக்கும். ஒரு மார்க் ஷீட்டோட வாழ்க்கையே முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிற பிள்ளைங்க நம்ம தெருவிலேயே இருக்காங்க. (உங்க பிள்ளை அப்படிப் பேசினால் தள்ளிப் போடாதீங்க. 104, 14416 ரெண்டுமே கட்டணமில்லா எண்கள். உடனே பேசலாம்.)

மல்யுத்தம் பழகினால் மனச்சோர்வே வராதுன்னு நான் சொல்லல. அது மருந்து இல்ல. ஆனா இருபது தடவை கீழே விழுந்து, இருபது தடவையும் எழுந்து வந்த பிள்ளைக்கு 'விழுந்தா எழுந்திரிக்கலாம்'ங்கறது உடம்புக்கே தெரிஞ்ச விஷயம். யாரும் அட்வைஸ் பண்ண வேண்டியதில்லை.

6.
உடம்புக்கும் நல்லது இருக்கு. வளர் இளம் பருவத்தில்தான் எலும்பு அடர்த்தி ஏறுது. எடையைத் தாங்கி, தள்ளி, இழுத்துச் செய்யற பயிற்சி எலும்பையும் தசையையும் பலமாக்கும். முக்கியமா பெண் பிள்ளைகளுக்கு. பின்னாளில் எலும்புத் தேய்மானத்துக்கு எதிரா இப்ப போடற சேமிப்பு அது.

பயிற்சிக்குப் போற பிள்ளை நேரத்துக்குத் தூங்கும், ஏன்னா உடம்பு கெஞ்சும். ஃபோனைத் தானே கீழே வைக்கும். புரோட்டீனுக்கு டப்பா பவுடர் தேடி அலைய வேண்டாம். முட்டைக்குப் பேர் போன ஊரில் இருக்கோம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். கூட பருப்பு, கடலை, பால், தட்டைப்பயறு. போதும்.

7.
"இதெல்லாம் வடக்கத்தி விளையாட்டு சார், நமக்கு எதுக்கு?"ன்னு கேட்பீங்க.

மாமல்லபுரம்னு எப்படிப் பேர் வந்தது? மாமல்லன் என்றால் பெரிய மல்லன். பல்லவ ராஜா நரசிம்மவர்மனின் பட்டப்பேர் அது. வடக்கே மல்யுத்தம் பழகற ஒவ்வொரு அகாடாவிலும் அனுமன் இருப்பார். நமக்கு நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயரே நின்னுக்கிட்டிருக்கார். அவருக்கு வடை மாலை சாத்தறோம், பிள்ளையைக் கோச்சிங் கிளாஸுக்கு அனுப்பறோம்!

மேட் எல்லாப் பள்ளியிலும் இல்லைங்கறது நிஜம். உங்க ஊரில் மல்யுத்தம் இல்லையா, கபடி இருக்கும், ஜூடோ இருக்கும். நான் சொல்ற பாடத்தில் பெரும்பகுதி அதிலும் கிடைக்கும்.

8.
இப்ப கசப்பான பக்கம். விளையாட்டு தானா குணத்தை வளர்க்காது. பக்கத்தில் நிற்கிற பெரியவங்க எப்படியோ, பிள்ளை அப்படித்தான் வளரும். அந்தப் பையன் கதையிலேயே பாருங்க. மூணு மாசம் நேர்மையாப் பழகினான். கடைசி ரெண்டு நாளில் அவன் கத்துக்கிட்டது என்ன? ஜெயிக்கறதுக்காக உடம்பை ஏமாத்தலாம்ங்கறது. அந்தச் சர்ட்டிபிகேட்டில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தா, டாக்டரையும் ஏமாத்தலாம்னு சேர்த்துக் கத்துக்கிட்டிருப்பான்.

9.
எடை குறைக்கறது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு தெரியணும். 1997-ல் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வேகமா எடை குறைக்கப் போய் இறந்துட்டாங்க. தண்ணி இல்லாம, உடம்பு சூடேறி, இதயம் நின்னு போச்சு. அதுக்கப்புறம்தான் அங்கே விதிகளை மாத்தினாங்க.

இன்னைக்கு அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கான்னு சோதிச்சுட்டுத்தான் எடையே கணக்கிடுவாங்க. பையன்களுக்கு 7 சதவீதம், பொண்ணுங்களுக்கு 12 சதவீதம் கொழுப்புக்குக் கீழே இறங்கற எடையில் ஆட விடமாட்டாங்க. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது.

நம்ம பையனுக்குக் கணக்குப் போடுங்க. 58 கிலோவில் 1.5 சதவீதம் 870 கிராம். 3 கிலோ குறைக்க மூணரை வாரம் ஆகும். அவன் ரெண்டு நாளில் குறைக்கப் பார்த்தான்.

10.
வினேஷ் போகத்தை மறந்திருக்க மாட்டீங்க. 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் ஒலிம்பிக். அதுவரை சர்வதேசப் போட்டியில் தோற்காத ஜப்பானின் யுய் சுசாகியைச் சாய்ச்சு, ஒரே நாளில் மூணு ஆட்டம் ஜெயிச்சு இறுதிக்குப் போனாங்க. மறுநாள் காலை எடை பார்த்தப்ப 50 கிலோவுக்கு 100 கிராம் கூட. தகுதி நீக்கம். ராத்திரி முழுக்க டாக்டர், பயிற்சியாளர், உணவு நிபுணர் எல்லாரும் கூட இருந்து முயற்சி பண்ணியும் முடியல.

அவ்வளவு பேர் பக்கத்தில் இருந்த உலகத்தரம் வாய்ந்த வீராங்கனைக்கே அந்த நிலைமைன்னா, வீட்டு மொட்டை மாடியில் ஸ்வெட்டர் போட்டு ஓடற 16 வயசுப் பையன் கதி என்ன?

11.
இன்னொண்ணும் மறைக்கக் கூடாது. 2023 ஜனவரியில் சாக்‌ஷி மாலிக், வினேஷ் போன்றவங்க பாலியல் துன்புறுத்தல் புகாரோட டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தாங்க. சாக்‌ஷி, ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை. அவங்களே தெருவுக்கு வந்தாத்தான் காதில் விழுதுன்னா, ஊர்ப்பக்கத்துப் பொண்ணு யார்கிட்ட போய்ச் சொல்லும்?

அதனால பொண்ணை அனுப்பாதீங்கன்னு சொல்லல. அனுப்புங்க. ஆனா பயிற்சி நடக்கற இடத்துக்கு அடிக்கடி போங்க. வெளியூர்ப் போட்டின்னா கூட ஒரு ஆசிரியை போறாங்களான்னு கேளுங்க. 1098 குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்க.

12.
பெற்றோர் கவனிக்க வேண்டியது, சுருக்கமா:

• பிள்ளை இயல்பா எந்த எடையோ, அந்த வகுப்பில் ஆடட்டும். வளர்ற வயசு. போன வருஷத்து வகுப்பிலேயே இந்த வருஷமும் இருக்கணும்னு அடம் வேண்டாம்.
• சிறுநீர் பிரியற மாத்திரையை யாராவது கொடுத்தால் அந்த ஆளை விட்டு விலகுங்க. அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கு.
• தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. அன்னைக்குத் திரும்ப ஆட்டம் கிடையாது.
• காது வீங்கினால் அன்னைக்கே காட்டுங்க. விட்டால் ரத்தம் உறைஞ்சு காது காலிஃபிளவர் மாதிரி சுருங்கிடும்.
• படர்தாமரை மேட்டில் இருந்து பரவும். பயிற்சி முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் குளியல், துவைச்ச துணி.
• பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனால், சாப்பாடு பத்தலைன்னு அர்த்தமா இருக்கலாம். டாக்டரைப் பாருங்க.

13.
எதிர்காலம்? தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. நல்லது, பயன்படுத்திக்குங்க. ஆனா அதை மட்டும் நம்பி இறக்காதீங்க. நூறு பேர் பழகினால் ஒருத்தர் ரெண்டு பேருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். மத்தவங்களுக்கு மிஞ்சறது குணம்தான். அது கடையில் உட்கார்ந்தாலும், லாரி ஓட்டினாலும், டாக்டர் ஆனாலும் கூடவே வரும்.

சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்ததே மல்யுத்தம்தான். 1952, ஹெல்சின்கி, கே.டி. ஜாதவ். அவரை அனுப்பப் பணம் இல்லாதப்ப, அவர் படிச்ச கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் தன் வீட்டை அடமானம் வெச்சு 7,000 ரூபாய் கொடுத்தார். ஒரு பதக்கத்துக்குப் பின்னாடி அப்படி ஒரு பெரியவர் இருக்கார்.

14.
நாம வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். போய்ப் பார்த்தால் போதும்.

புறநானூற்றில் 80-வது பாட்டு ஒரு மல்யுத்தப் பாட்டு. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனைச் சாய்ச்சதைச் சாத்தந்தையார் பாடறார். கிள்ளிக்கும் அவன் அப்பா தித்தனுக்கும் ஆகாது. புலவருக்கு என்ன ஆசை தெரியுமா? அப்பனுக்குப் பிடிக்குதோ பிடிக்கலையோ, மகன் மல்லுக்கட்டுறதை அவர் வந்து பார்க்கணும்ங்கறதுதான். ரெண்டாயிரம் வருஷமா பிள்ளைங்க ஏக்கம் மாறவே இல்ல பாருங்க.

15.
அந்தப் பையனுக்கு வர்றேன். அவன் அப்பா லாரி டிரைவர். மாசத்தில் பாதி நாள் வடக்கே. அவர் ஊருக்கு வந்தப்ப கிளினிக்குக்கு வரச் சொன்னேன். "படிக்கற வயசுல எதுக்குங்க சார் இந்த வேலை"ன்னார். "ஒரு தடவை போய்ப் பாருங்கண்ணா, அப்புறம் நிறுத்தறதா வேண்டாமான்னு சொல்லுங்க"ன்னேன்.

சில மாசம் கழிச்சுப் பையன் படர்தாமரைக்கு மருந்து வாங்க வந்தான். நல்லாத் தண்ணி குடிக்கறான், முகத்திலேயே தெரிஞ்சது. 60 கிலோவில் ஆடினானாம். ரெண்டாவது ஆட்டத்தில் தோல்வி.

"எப்படிடா கண்ணு இருந்துச்சு?"

"அவன் கால் பிடிச்ச விதம் எனக்குப் புரியலைங்க சார். இப்ப அதத்தான் பழகிட்டிருக்கேன்."

மருந்துச் சீட்டை வாங்கிட்டு வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, "அப்பா வந்து பாத்தாருங்க சார்"னான்.

16.
அனாட்டமி டெஸ்ட்டில் ஃபெயில் ஆகி நாலு நாள் ரூமில் கிடந்த எனக்கு, இந்த ஒரு வரி அப்பத் தெரிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். 'புரியல, இப்பப் பழகிட்டிருக்கேன்.'

வர்ற ஜூனில் பள்ளி திறக்கும்போது பி.டி. சாரைப் போய்ப் பாருங்க. என் பிள்ளைக்கு பி.டி. பீரியட் நடக்குதான்னு கேளுங்க. நடக்கலைன்னா நடத்தச் சொல்லுங்க. போட்டின்னா ஒரு நாள் லீவு போட்டுப் போய் உட்கார்ந்து பாருங்க.

ஜெயிச்சாலும் தோற்றாலும், வீட்டுக்கு வரும்போது ரெண்டு முட்டை கூட வெச்சுச் சோறு போடுங்க. 🙏