மறதியிலும் எஞ்சியிருப்பவை

வீட்டிலுள்ள முதியவரை மறதிநோய் பீடித்துவிட்டால், "அவருக்கு இனி ஒன்றும் விளங்காது" என்று நாமே தீர்ப்பெழுதி விடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறானது.

லண்டனில் வாழ்ந்த ஓவியர் வில்லியம் உட்டர்மோலனுக்கு 1995இல் அல்சைமர் நோய் கண்டறியப்பட்டது. அதன் பின்னரும் சில ஆண்டுகள் அவர் தன் முகத்தையே வரைந்துவந்தார். கோடுகள் சிதைந்தன. ஆயினும் அவரது அச்சமும் தனிமையும் அப்படங்களில் தெரிந்தன. அவரது ஓவிய மாற்றங்களை ஆராய்ந்தவர்கள் 2001இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினர். அவர்களுள் ஒருவரான நரம்பு உளவியலாளர் செபஸ்டியன் கிரட்ச், 2016 முதல் 2018 வரை கலைஞர்களையும் விஞ்ஞானிகளையும் நோயுற்றோரையும் ஒரே ஆய்வுப்பணியில் இணைத்தார். மூளையின் சுருக்கத்தை ஸ்கேன் காட்டும். அந்த மனிதரிடம் எஞ்சியிருப்பதைக் கலைதான் காட்டும்.

இது எமக்கு எதற்கு? அல்சைமரில் பெரும்பாலும் அண்மை நினைவே முதலில் அழிகிறது. பழைய நினைவும் கைப்பழக்கமும் பிந்தியே போகின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்மவரின் வளவும் கிணறும் பள்ளிவாசலும் பெருநாளும் இன்று மூத்தோரின் நெஞ்சில்தான் இருக்கின்றன. காலையில் சாப்பிட்டதை மறந்த உம்மம்மா, விட்டுவந்த ஊரைச் சொல்லக்கூடும். பன்புல்லைக் கொடுத்தால் விரல்கள் பாய் இழைக்கக்கூடும்.

மாணவியரே, விடுமுறையில் ஒரு கொப்பியோடும் நிறப்பென்சில்களோடும் அவர்கள் அருகே அமருங்கள். உருவம் வரையத் தயங்கினால், அவர்கள் சொல்லும் ஊரின் வரைபடத்தைக் கீறுங்கள். பெற்றோரே, "நான் யார், சொல்லுங்கள்" என்று அவர்களைச் சோதிக்காதீர்கள். முதுமையடைந்த பெற்றோரைச் சுடுசொல்லாலும் நோகடிக்கலாகாது என்று அல்குர்ஆன் கற்பிக்கிறது. பிழை திருத்தாமல் பொறுமையோடு கேட்பதும் அக்கடமையில் அடங்கும்.