தங்கசாலைத் தெருவில் ஒரு மாலை நடை

காசு கொடுத்துத் தெருவில் நடப்பாரும் உளரோ என்று எருத்தேன்பதி நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டு நகைத்தார். உளர். சென்ற திங்கள் நாமும் அவருள் ஒருவரானோம்.

சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியில் இப்பொழுது இத்தகைய உணவு நடைகள் நடைபெறுகின்றன. வழிகாட்டி ஒருவர் பத்துப் பன்னிருவரை மாலை வேளையில் சந்து சந்தாக அழைத்துச் செல்கிறார். கடைக்குக் கடை சிறிது உண்ணக் கொடுத்து, தெருவின் வரலாற்றையும் சொல்லி வருகிறார். நாமும் இல்லாளும் ஒன்பது வயது மகளும் பாலக்காடு சந்திப்பில் மங்களூர் மெயில் ஏறிச் சென்றோம். ரயில்வே பாஸ் இருந்தபடியால் பயணச் செலவில்லை. நடைக்குரிய கட்டணமோ ஒரு வாரக் காய்கறிச் செலவை விழுங்கிவிட்டது. அதனை ஊர் திரும்பும் வரையில் இல்லாளிடம் நாம் கூறவில்லை.

சென்ட்ரல் நிலையம் 1873-இல் திறக்கப்பட்டது. அதன் கிழக்குப் பக்கமாகச் செல்வது வால்டாக்ஸ் சாலை. கும்பினியார் 18-ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பி, அச்செலவுக்காக மக்கள்மீது வரி விதிக்க எண்ணினர். வரி வசூலாகவே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கறுப்பர் நகரம் என்னும் பெயரோ, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய 1911-இல் மாறிற்று. அருகிலுள்ள தங்கசாலைத் தெருவில் நாணயச்சாலை 1869-இலேயே மூடப்பட்டது. இன்று அங்கே பொன்னிறமாகக் காண்பது எண்ணெயில் பொரியும் ஜிலேபியே.

சௌகார் என்றால் வட்டித் தொழிலும் வணிகமும் புரிவோர். குஜராத்திலிருந்தும் மார்வாடிலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட அவர்களால் சௌகார்பேட்டை என்னும் பெயர் வழங்கலாயிற்று. அகன்ற இரும்புச் சட்டியில் குறுகக் காய்ந்த பாதாம் பால், பருப்புப் பூரணம் வைத்த கச்சோரி, உருளைக்கிழங்கு டிக்கி என வரிசையாக உண்டோம். ஓரிடத்தில் ரொட்டிக்குப் பதிலாக இரண்டு முறுக்குகளை எடுத்து, நடுவே வெள்ளரியும் தக்காளியும் சட்னியும் வைத்துக் கொடுத்தனர். பம்பாய் சாண்ட்விச்சுக்கும் நம் முறுக்குக்கும் நடந்த கலப்பு மணம் அது! மற்றோரிடத்தில் நம் இட்டிலி மிளகாய்ப்பொடியும் நெய்யும் சொட்டச் சொட்ட வந்தது. நெய் மிகுதிதான், நம் ராமசேரி இட்டிலிக்கு அது நிகராகாது என்பது நம் கட்சி. நினைத்துப் பார்த்தால், மண்பானையின் வாயில் நூல்வலை கட்டித் துணி விரித்து அவிக்கும் அந்த ராமசேரி இட்டிலியும், தமிழகத்திலிருந்து பாலக்காட்டுக்குப் பெயர்ந்து வந்த முதலியார் குடும்பங்களின் கைவேலையன்றோ!

இவ்வாறு மகிழ்ந்து வருகையில் ஒன்று நேர்ந்தது. வழிகாட்டி குழந்தைகளை நோக்கி, "உங்கள் வீட்டுப் பலகாரம் எது?" என வினவினார். ஒரு சிறுவன் அடை என்றான்; மற்றொருத்தி பணியாரம் என்றாள். நம் மகள் சற்றும் தயங்காமல், "பரோட்டா" என்றாள். அனைவரும் சிரித்தனர், நமக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பத்தா பிழிந்து தந்த சந்தகையை மறந்தாயோ என்று தனியே கடிந்துகொண்டோம். அவள் சொன்ன விடை இது: "அப்பத்தா போன பிறகு நம் வீட்டில் யாருமே அதைச் செய்யவில்லையே அப்பா." இல்லாள் நம் முகத்தைப் பார்த்தாள். நாம் கடைப் பலகைகளைப் படிக்கத் தொடங்கினோம்.

பழைய சைனா பஜார் சாலையாகிய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் நடை முடிந்தது. வழிகாட்டி பர்மாக்காரர் கடைகள் பக்கம் அழைத்துச் செல்லவில்லை. அதை நாம் குறையென்றே கொள்வோம். கடற்கரை ரயில் நிலையத்திற்கு எதிர்ப்புறத் தெருக்களை விசாரித்து நாமே சென்றோம். அங்கே தள்ளுவண்டிகளில் விற்பது அத்தோ. மஞ்சள் நிறத் தடித்த நூடுல்ஸுடன் முட்டைக்கோசு, வெங்காயம், புளிநீர், மிளகாய்த்தூள், பூண்டு வதக்கிய எண்ணெய் ஆகியவற்றைக் கையாலேயே பிசைந்து, மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கித் தூவுகின்றனர். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டுச் சாறு. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. உடைமை இழந்து கப்பலேறித் திரும்பிய தமிழர் உடன் கொண்டுவர முடிந்தவற்றுள் இந்த உணவும் ஒன்று. "அம்மா கற்றுக்கொடுத்ததுங்க. நான் ரங்கூனைக் கண்ணால் கண்டதில்லை" என்றார் வண்டிக்காரர். நம் மகள் இரண்டு தட்டு உண்டாள்.

மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் சங்கத்து இல்லத்தார் இதைப் படிக்கும்போது, தத்தம் அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள் என்று எண்ணுகிறோம். நாமும் ஊர் வந்ததும் பரண்மேல் ஏறினோம். சந்தகை பிழியும் கருவி தூசி படிந்து கிடந்தது. புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்டிலியாக அவித்துப் பிழிந்தோம். நாம் அழுத்த, மகள் தட்டைப் பிடித்துக்கொண்டாள். இழை இழையாக வரவில்லை. துண்டு துண்டாக உதிர்ந்தது. அப்பத்தாவின் அளவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

மறு ஞாயிறு கொழிஞ்சாம்பாறையிலிருந்து அத்தையை அழைத்து வந்தோம். அவர் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆவி அடங்க விட்டுப் பிழிஞ்சா இப்படித்தான் ஆகும். கை சுடச் சுடப் பிழியணும்" என்றார். அன்று தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து மூன்று ஈடு உண்டோம். அளவுகளை அத்தை சொல்லச் சொல்ல, மகள் தன் பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.