வானத்திற்குச் சாயம் பூசாதீர்



மாணவர் நிழற்படப் போட்டிகளுக்கு வரும் இயற்கைக் காட்சிகளைக் காணுந்தோறும் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. இவை எந்நாட்டு வானம்? கோல சிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை நாம் காணும் வானம் பெரும்பாலான நாள்களில் வெண்சாம்பல் நிறமுடையது. கடற்காற்றின் ஈரம் அத்தகையது. படங்களிலோ ஆழ்ந்த நீலம். மாலை என்றால் குங்குமக் குழம்பு. வில்லையின் முன் மாட்டிய ஆரஞ்சு வடிப்பான் பாதியைச் செய்கிறது. கைப்பேசியில் ஒரு தட்டல் மீதியைச் செய்கிறது. இதனைத் திறமை என்று போற்றிப் பரிசும் வழங்குகிறோம். இது தவறு என்பதே என் வாதம்.

வடிப்பான்களே வேண்டா என்று கூறவில்லை. போலரைசர் எனப்படும் முனைவாக்க வடிப்பான் நம் தோட்டங்களுக்கென்றே செய்தது போன்றது. செம்பனை ஓலை பளபளப்பானது. வெண்வானம் அதன்மேல் எதிரொளித்துப் பச்சையை வெளுக்கச் செய்யும். வடிப்பானின் வளையத்தை மெல்லச் சுழற்றினால் அம்மினுக்கம் விலகி, ஓலையின் இயல்பான நிறம் வெளிப்படும். செகிஞ்சான் வயல்நீரிலும் இதே பயன். ஒளி பாதியாகவோ காற்பங்காகவோ குறையுமாதலால் முக்காலி தேவைப்படலாம். இஃது இல்லாததைச் சேர்ப்பதன்று. இருப்பதை மறைக்கும் திரையை விலக்குவது.

சில கடைகளில் "புகைமூட்டத்திற்கு நல்லது" என்று புற ஊதா வடிப்பானை விற்கிறார்கள். புகைத்துகள்கள் சிதறடிப்பது கண்ணுக்குப் புலப்படும் ஒளியை. புற ஊதாக் கதிரைத் தடுத்து என்ன பயன்? வில்லையில் கீறல் விழாமல் காக்கும், அவ்வளவே.

புகைமூட்டத்தைப் படத்திலிருந்து நீக்கத்தான் வேண்டுமா? 2005 ஆகஸ்டு 11ஆம் நாள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 2015இல் சிலாங்கூர்ப் பள்ளிகள் சில நாள்கள் மூடப்பட்டன. வெயில் தளர்ந்து மஞ்சளாகி, மரத்தின் நிழல்கூடத் தரையில் தெளிவாக விழாத நாள்கள் அவை. அந்த ஒளியே அந்நாள்களின் சான்று. அதனைத் துடைத்து நீலமாக்கிய படத்தைக் காணும் பிள்ளை, "பள்ளியை ஏன் மூடினார்கள்?" என்று கேட்டால் எதைக் காட்டுவோம்?

தோட்டங்களைப் படமெடுக்கையில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபாக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கியது பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அவ்வூருக்கு இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர். தலைமுறை தலைமுறையாக நம்மவர் வியர்வை சிந்திய வட்டாரம் இது. இங்கு எஞ்சியுள்ள லயங்களைப் பொன்னிறச் சாயத்தில் தோய்த்தால் துருவேறிய தகரமும் அழகாகிவிடும். வறுமை வாழ்த்து அட்டையாகிவிடும். பாட்டி தாத்தா பட்ட பாட்டைப் பேரப்பிள்ளைகள் அந்த அட்டையிலா படிப்பது?

இயற்கை ஒளிக்கு வேண்டியது காத்திருப்பு. ஐரோப்பிய நூல்கள் கூறும் நீண்ட பொன்மாலை நமக்கில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறான். புக்கிட் மெலாவத்தியில் ஏழு மணிக்குமேல் அவன் மறைந்தால், இருபது நிமிடங்களில் இருள் சூழ்ந்துவிடும். ஆறரைக்கே சென்று நிற்கவேண்டும். காலையிளவெயில் நம் மாணவர்க்குப் பள்ளி வேளை. சனி ஞாயிறுகளே வாய்ப்பு.

கம்போங் குவாந்தானில் படகிலிருந்து மின்மினிகளை நோக்கிப் பளிச்சொளி பாய்ச்சும் பெற்றோர்க்கும் ஒரு சொல்: உங்கள் படத்தில் பெரெம்பாங் இலைகள்தாம் விழும், மின்மினி விழாது. அதன் சிற்றொளி இணையைத் தேடும் மொழி, அதனைக் குலைக்காதீர்.

போட்டி நடத்தும் ஆசிரியர்கள் இவ்வாண்டே இரு விதிகளைச் சேர்க்கலாம். திருத்தாத மூலப்படத்தையும் உடன் அனுப்பவேண்டும். படத்தின்கீழ் இடம், நாள், நேரம், பயன்படுத்திய வடிப்பான் ஆகியவற்றை மாணவரே தம் கையால் எழுதவேண்டும்.