பிளாக் பண்றவன் கோழை இல்ல, தப்பிச்சு வர்றவனும் கோழை இல்ல



வழக்கமா இந்தப் பக்கத்துல நான் சிரமதானம், உபயம், அன்னதானத்துக்கு யார் யார் வர்றாங்க, இது பத்திதான் எழுதுவேன். இன்னிக்கு விண்வெளி கேம் பத்தி எழுதப் போறேன். "கோயில் பக்கத்துல இதெல்லாம் எதுக்குங்க?"னு சிலர் கேட்பீங்க. வெள்ளிக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும் மண்டபத்துப் படிக்கட்டுல உட்கார்ந்திருக்கிற பசங்க என்ன பேசிக்கிறாங்கன்னு ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்க. பாதிப் பேச்சு கேம்தான். அதுல யார் யாரை அடிச்சாங்க, யார் யாரைத் திட்டினாங்க, இதுதான்.

நம்ம இளைஞர் பகுதியில ஒரு பையன். பேர் வேண்டாம். பதினாறு வயசு, அடுத்த வருஷம் எஸ்பிஎம். விண்வெளி கேம் ஒண்ணுல மூணு வாரமா சரக்கு ஏத்தி இறக்கி, காசு சேர்த்து, ஒரு பெரிய கப்பல் வாங்கியிருந்தான். நாலு பேர் கூட்டமா வந்து ஒரே ராத்திரியில உடைச்சுட்டாங்க. அது கேம், போகட்டும். ஆனா அதுக்கப்புறமும் விடல. தினமும் அவன் உள்ள வர்ற நேரம் பார்த்து வந்து, அவன் இனத்தைச் சொல்லி, அம்மாவைச் சொல்லி எழுதுறாங்க. பையன் ராத்திரி தூங்காம, பள்ளிக்கூடத்துல தூங்குறான்.

"ஏம்பா அவனுங்களை பிளாக் பண்ணல?"னு கேட்டேன். "பிளாக் பண்ணா பயந்தாங்கொள்ளின்னு சொல்வாங்க அங்கிள்"னான். அவங்க அப்பா சொன்னது, "ஆம்பளப் பிள்ளதானே, திருப்பி அடி." அம்மா சொன்னது, "எல்லாத்தையும் மூடி வச்சிட்டுப் படி." இந்த மூணு பேச்சும் சரியில்லைங்கிறதுதான் என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல இந்த கேம் எப்படி நடக்குதுன்னு தெரியணும். தெரியாம புத்தி சொன்னா பசங்க கேட்க மாட்டாங்க. விண்வெளி கேம்ல பேர் பெற்றது ரெண்டு. ஒண்ணு ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்து நாட்டு சிசிபி கம்பெனி 2003-ல வெளியிட்டது. இன்னொண்ணு எலைட் டேஞ்சரஸ். இங்கிலாந்து ஃபுரொன்டியர் கம்பெனி 2014 டிசம்பர்ல வெளியிட்டது. நம்ம பால்வீதி மண்டலத்தையே 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோட அதுல செஞ்சு வச்சிருக்காங்க. ரெண்டுலயும் வியாபாரம் பண்ணலாம், கனிமம் தோண்டலாம், ஊர் சுத்தலாம். ரெண்டுலயும் அடுத்த ஆள் உங்களைச் சுடலாம்.

ஈவ் கேம்ல ஒவ்வொரு இடத்துக்கும் பாதுகாப்பு எண் இருக்கு. 1.0-லேர்ந்து 0.5 வரைக்கும் போலீஸ் உள்ள இடம். 0.4-லேர்ந்து 0.1 வரைக்கும் அரைகுறைப் பாதுகாப்பு. 0.0-க்கும் அதுக்குக் கீழயும் சட்டமே இல்ல. இதுல கவனிக்க வேண்டியது, 1.0-ல இருந்தாலும் போலீஸ் வர்றது சுட்ட பிறகுதான். சுட்டவன் கப்பலை அழிச்சுடும், ஆனா உங்க கப்பல் திரும்பி வராது. இதைத் தெரிஞ்சே சிலர் மலிவான கப்பலை பலி கொடுத்து, விலை உயர்ந்த சரக்குக் கப்பலை உடைக்கிறாங்க. அதனாலதான் அங்க விளையாடுறவங்க புதுசா வர்றவங்களுக்கு முதல்ல சொல்ற புத்தி: இழந்தா தாங்க முடியாத கப்பலை வெளிய எடுத்துக்கிட்டுப் போகாதே. தைப்பூசக் கூட்டத்துக்கு நகையெல்லாம் போட்டுக்கிட்டு வராதீங்கன்னு நாம மைக்ல சொல்றோமே, அதே புத்திதான்.

இந்த உலகத்துல பெரிய சண்டையும் நடந்திருக்கு. 2014 ஜனவரியில ஈவ் கேம்ல ஒரே சண்டையில மொத்தம் 7,500 பேருக்கு மேல சேர்ந்து சுமார் 21 மணி நேரம் மோதினாங்க. 75 ராட்சதக் கப்பல் அழிஞ்சது. அழிஞ்சதோட மதிப்பை நிஜப் பணத்துல கணக்குப் போட்டா 3 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேலன்னு சொன்னாங்க. ஆரம்பம் என்ன தெரியுமா? சண்டை நடந்த இடத்துக்குக் கட்ட வேண்டிய பணம் கட்டப்படாம விட்டுப் போச்சு. ஒரு பில் கட்டாததுல வந்த போர். இப்படிப்பட்ட இடத்துல ஒரு பையன் தனியா சரக்குக் கப்பலை ஓட்டிக்கிட்டு நின்னு "திருப்பி அடிக்கிறேன்"னா என்ன ஆகும்?

நின்னு அடிக்கிறது மட்டும் வீரம்னா, அபிமன்யு கதையை நாம ஏன் கண்ணீரோட கேட்கிறோம்? சக்கர வியூகத்துக்குள்ள போகத் தெரிஞ்சது, வெளிய வரத் தெரியல. அந்தப் பிள்ளைக்கு வீரம் குறைச்சலா? இல்லைங்க. வெளிய வர்ற வழிதான் இல்ல. கண்ணபிரான் என்ன செஞ்சாரு? ஜராசந்தன் மதுராவைத் திரும்பத் திரும்பத் தாக்கினப்போ, மக்களைக் கூட்டிக்கிட்டு கடலோரம் துவாரகைக்குப் போயிட்டாரு. குஜராத்துல டாகோர்ங்கிற ஊர்ல அவருக்கு ரண்சோட்ராய்னே பேரு. போர்க்களத்தை விட்டு நீங்கியவர்னு அர்த்தம். அந்தப் பேரைச் சொல்லியே கும்பிடுறாங்க. கடவுளுக்கே அது இழுக்கு இல்லைன்னா, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இழுக்காகும்?

தப்பிச்சு வர்றது சும்மா ஓடுறது இல்ல, அது ஒரு வேலை. அந்தப் பையனும் அவன் கூட்டாளியும் எனக்கு எலைட் கேம்ல அதைக் காட்டினாங்க. நான் பாக்டரியில புது ஆளுக்கு மெஷின் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே வரிசையாச் சொன்னாங்க.

ஒண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடி. கப்பல் போச்சுன்னா மறுபடி எடுக்க அதோட விலையில 5 சதவீதம் கட்டணும். அந்தப் பணம் கையில இல்லாம கிளம்பக் கூடாது. சரக்கு போனா போனதுதான், அதுக்குக் காப்பீடு இல்ல. இன்னும் கொஞ்சம் சரக்கு ஏத்தலாமேன்னு கப்பலோட கவசத்தைக் கழட்டி வச்சிட்டுப் போறவன்தான் முதல்ல மாட்டுவான்.

ரெண்டு, போற வழியில. அந்த கேம்ல ராடார்ல உள்ள காலியாத் தெரியிற குறி மனுஷன் ஓட்டுற கப்பல். நிறைஞ்சு தெரியிறது கம்ப்யூட்டர் ஓட்டுறது. காலிக் குறி ஒண்ணு திரும்பி உங்க பின்னாடி வந்துச்சுன்னா அப்பவே முடிவெடுக்கணும், வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

மூணு, மாட்டினா. வேகமாப் போற கப்பலை இன்னொருத்தன் வழியில இழுத்து நிறுத்தலாம். அப்ப மல்லுக்கட்டித் தோத்தா கப்பல் அடி வாங்கிச் சுழலும், மறுபடி தாவ ரொம்ப நேரம் ஆகும். வேகத்தைப் பூஜ்யமாக்கி நாமே நின்னுட்டா சீக்கிரம் தாவலாம். நின்னதும் மின்சக்தியைக் கவசத்துக்குத் திருப்பணும். முதுகைக் காட்டி நேர்கோட்டுல ஓடாம, அவனைத் தாண்டிப் பறக்கணும். அவன் கப்பலைத் திருப்புறதுக்குள்ள சில நொடி கிடைக்கும். அப்புறம் அதே மண்டலத்துக்குள்ள ஒளியாம, வேற நட்சத்திரத்துக்குத் தாவணும். பக்கத்துல பெரிய கப்பல் நின்னா உள்ளூர்ல வேகமெடுக்கிறது தாமதமாகும், வேற நட்சத்திரத்துக்குத் தாவுறதை அது தடுக்காது.

பாருங்க, முப்பது நொடிக்குள்ள இத்தனை முடிவு. கை நடுங்காம இதைச் செய்யுற பையனைப் பார்த்து "ஓடிட்டான்"னு சொல்றது நியாயமா?

இப்ப பிளாக் விஷயத்துக்கு வர்றேன். இதுல ரெண்டு கேமுக்கும் வித்தியாசம் இருக்கு. ஈவ் கேம்ல பிளாக் பண்ணா அவன் எழுதுறது உங்களுக்கு வராது, அவ்வளவுதான். அவன் வாயை மூடலாம், துப்பாக்கியை மூட முடியாது. எலைட் கேம்ல பிளாக் பண்ணா, கூடுமானவரைக்கும் அவனையும் உங்களையும் ஒரே இடத்துல சந்திக்க விடாம கேம் பார்த்துக்கும். நூத்துக்கு நூறு உத்தரவாதம் இல்ல. அதுபோக அங்க மூணு கதவு இருக்கு. எல்லாரோடவும் விளையாடலாம், தெரிஞ்சவங்க குழுவோட மட்டும் விளையாடலாம், தனியாவும் விளையாடலாம். கம்பெனியே செஞ்சு வச்ச கதவு இது. அதுல நுழையறது எப்படித் திருட்டுத்தனம் ஆகும்?

நான் வேலை செய்யுற இடத்துல மெஷினைப் பழுது பார்க்கப் போறவன் முதல்ல கரண்ட்டை நிறுத்தி, தன் பூட்டைப் போட்டு, தன் பேர் எழுதின அட்டையைத் தொங்க விடணும். சாவி அவன் பையில. அவன் வெளிய வர்ற வரைக்கும் மேனேஜரே வந்தாலும் மெஷினைப் போட முடியாது. "பயந்தாங்கொள்ளி, பூட்டுப் போட்டுட்டு வேலை செய்யுறான்"னு ஒருத்தனும் சிரிக்க மாட்டான். பூட்டு இல்லாம கையை விட்டவனைத்தான் திட்டுவோம். பிளாக் பட்டனும் அப்படி ஒரு பூட்டு. சாவி நம்ம பையில இருக்கணும்.

சரி, மறுபக்கமும் இருக்கு. நல்லா விளையாடுறவங்க சிலர் சொல்ற புகாரை அந்தக் கூட்டாளிப் பையன் எனக்கு எடுத்துச் சொன்னான். எல்லாரும் சேர்ந்து வர்ற இடத்துக்கு வந்துட்டு, தன்னை ஜெயிக்கிறவனையெல்லாம் பிளாக் பண்ணிக்கிட்டே போனா, அப்புறம் அது என்ன பொது இடம்? போட்டியே இல்லாமப் போயிடுமே? இது நியாயமான பேச்சு, ஒத்துக்கிறேன். ஆபத்து இருக்கிற இடம்னு தெரிஞ்சு வந்தவன் ஒரு தரம் சுட்டதுக்காக ஒருத்தனை பிளாக் பண்றது அழகில்ல. அதனால நான் பசங்களுக்குச் சொன்னது இது: அவன் திறமைக்காக பிளாக் பண்ணாதே, அவன் நடத்தைக்காக பண்ணு. கப்பலைச் சுட்டா கேம். ஜெயிச்ச பிறகும் விடாம துரத்தி, இனத்தையும் தாயையும் இழுத்தா அது கேம் இல்ல. அங்க யோசிக்கவே வேண்டாம்.

இன்னொரு கோடும் போட்டேன். தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் ஒயரைப் பிடுங்குறது, கேமை அப்படியே அணைக்கிறது, இது வேற. எலைட் கம்பெனி அதை முறைகேடுன்னு சொல்லியிருக்கு. மெனு வழியா வெளிய போனா, ஆபத்துல இருக்கும்போது 15 நொடி காத்திருக்கணும். அந்த 15 நொடியைத் தாங்கிட்டுப் போனா முறையானது. ஒயரைப் பிடுங்கினா ஏமாத்து. தப்பிக்கிறதுக்கும் ஏமாத்துறதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைங்க இங்கயே கத்துக்கிட்டா, பெரியவனானதும் வேலை இடத்துலயும் அது உதவும்.

இதெல்லாம் விளையாட்டுப் பேச்சுன்னு ஒதுக்கிடாதீங்க. 2024 ஜூலையில கோலாலம்பூர்ல நம்ம இனத்துப் பொண்ணு ஒண்ணு டிக்டாக்ல வந்த தொல்லை தாங்காம உயிரை விட்டுச்சு. தொல்லை கொடுத்தவங்கள்ல ஒருத்தருக்கு அப்போ இருந்த சட்டத்துல கிடைச்சது 100 வெள்ளி அபராதம். நாடே கொதிச்சது. அதுக்கப்புறம்தான் குற்றவியல் சட்டத்துல பகடிவதைக்குன்னே 507பி-யிலேர்ந்து 507ஜி வரைக்கும் புதுப் பிரிவுகள் சேர்த்தாங்க. 2025 ஜூலையில நடப்புக்கு வந்திருக்கு. சட்டம் வந்துச்சு, நல்லது. ஆனா ஈவ் கேம் போலீஸ் மாதிரி, சட்டமும் அடி விழுந்த பிறகுதான் வரும். அதுவரைக்கும் பிள்ளை கையில இருக்கிறது அந்த ஒரு பட்டன்தான். அதை அழுத்தக் கூடாதுன்னு நாமளே வெட்கப்படுத்தலாமா?

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள்:

"மூடி வை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. மூடினா அடுத்த தரம் நடக்கிறதை உங்ககிட்ட சொல்ல மாட்டான்.

"திருப்பி அடி"ன்னும் சொல்லாதீங்க. நாலு பேர் நிக்கிற இடத்துக்கு ஒத்தையா அனுப்புற பேச்சு அது.

அசிங்கமா எழுதியிருந்தா முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்க. அப்புறம் கேம் உள்ளேயே புகார், அப்புறம் பிளாக். மிரட்டல்னா போலீஸ், எம்சிஎம்சி. இந்த வரிசை மாறக் கூடாது.

பசங்களுக்கும் ஒரு வார்த்தை. எலைட் கேம்ல எரிபொருள் எலிகள்னு ஒரு கூட்டம் இருக்கு. விளையாடுறவங்களே சேர்ந்து ஆரம்பிச்சது. எரிபொருள் தீர்ந்து நடு வானத்துல நிக்கிறவங்களுக்கு, காசு வாங்காம, எவ்வளவு தூரமானாலும் போய் ஊத்திட்டு வர்றாங்க. அதே வானத்துல நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை உடைக்கவும் போறாங்க, ஒருத்தனைக் காப்பாத்தவும் போறாங்க. நீங்க எந்தக் கூட்டத்துல சேரணும்னு நான் சொல்லத் தேவையில்ல. அன்னதானத்துக்கு இலை போடுற கை உங்களோடது.

அந்தப் பையன் போன வாரம் அந்த நாலு பேரையும் பிளாக் பண்ணிட்டான். இப்ப தெரிஞ்சவங்க குழுவுல விளையாடுறான். இந்த வெள்ளிக்கிழமை தேவார வகுப்புக்கு நேரத்தோட வந்தான்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சு, பசியாறிட்டு, பசங்களே மண்டபத்துல பெற்றோர்களுக்கு இந்த பிளாக், புகார் எல்லாம் எப்படிச் செய்யுறதுன்னு காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க. நிர்வாகத்துக்கிட்ட கேட்டாச்சு, சரின்னுட்டாங்க. அப்பாமார்கள் அவசியம் வாங்க. கைப்பேசியைச் சார்ஜ் போட்டுக் கொண்டு வாங்க.


அன்புடன்,
ஆலயத் தொண்டன், லூனாஸ்